லேசான கை

கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்திருக்கிறீர்கள், மகளே. நகரத்தில் வளர்ந்தவர் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் மலைப்பக்கத்தில் தேநீரைப் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டோம். கிண்ணம் காலியாகும், திரும்ப ஊற்றுவோம், திரும்பக் காலியாகும், அப்படியே ஒரு சாயங்காலம் கழிந்துவிடும். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறதைக் கிண்ணம் சொல்லிவிடும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடாக இருக்கிறது, அது போதும்.

உங்கள் விசாரணை அலுவலகத்தில் லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடியும் படியேறித்தான் வந்தேன். அறுபதைத் தாண்டியவன் நடுவில் நிற்காமல் ஏறியதைப் பார்த்து வாசல் காவலர் தலையாட்டினார். முழங்காலில் ஒரு முனகல்கூட இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதுவும் இந்த வாக்குமூலத்தில்தான் வரும்.

என் பெயர் முகாஷ். கணவாய்க்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரில் மருத்துவ உதவியாளன். டாக்டருக்குப் படித்தவன் இல்லை. ஆனால் வேறு டாக்டர் யாரும் எங்கள் பக்கம் வந்து தங்கியதில்லை என்பதால் ஊரே என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடும். பேறுகாலம், பல்வலி, குதிரையிலிருந்து விழுந்தவன், குதிரையே விழுந்தது, எல்லாம் என்னிடம்தான் வரும். ஒருமுறை ஒரே ஊசிக்குழாயால் ஒரு கிடாவுக்கும் அதன் சொந்தக்காரனுக்கும் மருந்து போட்டேன் என்று ஒரு கதை ஊரில் உண்டு. பொய். ஊசியை மாற்றினேன்.

எங்கள் ஊரில் மருந்தை யாரும் நம்ப மாட்டார்கள், கையைத்தான் நம்புவார்கள். லேசான கைக்காரன் தண்ணீரை ஏற்றினாலும் வலி போகும், கனத்த கைக்காரன் சொர்க்கத்திலிருந்து மருந்தைக் கொண்டுவந்து ஏற்றினாலும் வீங்கும் என்பார்கள். எனக்கு லேசான கை. பழைய காலத்தில் ஊசியைக் கொதிக்க வைத்து, கல்லில் தீட்டி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். மொட்டை ஊசியைக்கூட வலிக்காமல் இறக்கப் பழகிய கை இது. அதனால் என்ன ஆயிற்று என்றால், மருந்துக் குப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் எதை உடைக்கிறேன், எதை ஏற்றுகிறேன் என்று எவரும் பார்த்ததில்லை. பார்த்தால் கையைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அது பெரிய மரியாதைக்குறைவு.

இதைக் கொஞ்சம் அடிக்கோடிட்டு எழுதுங்கள். ஊர்க்காரர்களுக்கு நல்லது.

ஜூராகான் என்னோடு பள்ளியில் படித்தவள். படித்த பள்ளியிலேயே விடுதிச் சமையல்காரியாகச் சேர்ந்து, சிமெண்டுத் தரையில் நின்று நின்றே ஓய்வு பெற்றாள். புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகன் ஷைர்பெக், தலைநகர் பிஷ்கேக்கில் ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறான். அந்தக் கட்டடத்துக்கு லிப்ட் கட்ட மறந்துவிட்டார்களாம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தது, வலதுகால் மோசம். தரையில் மடங்கி உட்கார முடியாமல், விருந்து வீடுகளில்கூட நாற்காலி போட்டுப் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருப்பாள். எழுந்தால் அந்த வலது முழங்கால் காய்ந்த கிளை ஒடிகிற மாதிரி சத்தம் போடும்.

"எனக்கு முன்னாடி என் முட்டி எந்திரிச்சு சலாம் போட்டுருது பாரு, அதுக்கு இருக்கற மரியாதைகூட உனக்கு இல்லடா, ஆட்டு டாக்டரே" என்பாள். ஊரில் அவள் ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

தினமும் நாலு மணிக்கு அவள் வீட்டில் தேநீர். என் வீடு மேட்டில், அவள் வீடு கீழே. நான்தான் இறங்கிப் போவேன். மூலையில் சமோவாரில் வெந்நீர் கொதிக்கும். எண்ணெயில் பொரித்த பொர்சோக் ரொட்டியும் வெண்ணெயும் இருக்கும். அவள் பேசுவாள், நான் திட்டு வாங்குவேன். என் மனைவி, மகளின் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவாயைத் தாண்டிப் போனவள். அந்தப் பேரனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. எனக்குக் கோபம் இல்லை. கணவாயைத் தாண்டிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை, எங்கள் ஊரின் இயல்பு அது. ஆனால் நாலு மணி என்று ஒன்று தினமும் வருகிறதே, அதை ஒரு மனிதன் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஷைர்பெக் வந்திருந்தான். "அம்மா, இனி நீ இங்க தனியா இருக்க வேண்டாம், கிளம்பு" என்றான்.

"அஞ்சு மாடிய யாருடா ஏறுவா? என்னைக் கயித்துல கட்டி இழுப்பியா?"

"முட்டிக்கு ஊசி இருக்கும்மா. அறுக்கறது கிறுக்கறது ஒண்ணும் கிடையாது. ஜெல்லு மாதிரி ஒரு மருந்து, மூட்டுக்குள்ள எண்ணெய் விட்ட கணக்கா. எங்க டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. வாங்கி அனுப்பறேன், முகாஷ் மாமா போட்டு விடுவாரு. என்ன மாமா?"

"போட்டுடலாம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அந்த ஜெல் ஊசி சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கேட்டால் அரை வருடம் நன்றாக நடமாடலாம். ஐந்து மாடி ஏற அரை வருடம் தேவையில்லை.

அவன் கிளம்பிப் போன மறுநாள் நாலு மணிக்கு வழக்கம்போலப் போனேன். ஜூராகான் எழுந்தாள், முழங்கால் கிளை ஒடிகிற சத்தம் போட்டது, சமோவாருக்குப் போய்த் தேநீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தாள். கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குடியேன், ஆறிடப் போகுது" என்றாள். குடித்தேன். நாக்கு வெந்தது. இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தேன். சரி, அவள் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு கிண்ணத்தில் முடித்துவிட்டாளே என்று தோன்றியது. ஆனால் எங்கள் ஊரில் அப்படித்தான் முடிப்பார்கள், குறை சொல்ல முடியாது.

ஜெல் ஊசிகள் வந்தன. கண்ணாடிக் குழாயிலேயே நிரப்பி, தேன் மாதிரி கெட்டியாக, அழகான பெட்டியில். நான் அதை அவளுக்குப் போடவில்லை.

அதற்குப் பதில் வெறும் தண்ணீரை ஏற்றியிருக்கலாம். ஆனால் வலி குறையாவிட்டால் என் கைக்குக் கெட்ட பெயர். அதோடு அவள் வலியில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது, நான் அந்த மாதிரி ஆள் இல்லை. என் அலமாரியில் ஸ்டீராய்டு எப்போதும் இருக்கும். வீக்கத்தை அடக்குகிற மருந்து. முழங்காலுக்குள் போட்டால் நாலு நாளில் வலி காணாமல் போகும். சில வாரம் ராஜபோகம். அப்புறம் வலி திரும்ப வரும், திரும்பப் போட வேண்டும். அளவாகப் போட்டால் நல்ல மருந்துதான், பெரிய டாக்டர்களும் போடுகிறார்கள். வருடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் தேய்ந்த எலும்புக்கு நடுவில் மிச்சமிருக்கிற மெத்தையையும் அது அரித்துவிடும். இது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில்கூட இருக்கிறது.

முதல் ஊசி போட்ட அன்று அவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குத்தினியா இல்லியா?" என்று கேட்டாள். குத்தி எடுத்துப் பஞ்சு வைத்தாகிவிட்டது. அந்த வார முடிவில் கையில் குச்சி இல்லாமல் மாட்டுக்கொட்டில் வரைக்கும் நடந்தாள். வாசலில் நின்று, "டேய் ஆட்டு டாக்டரே, இங்க பாரு! இன்னும் கொஞ்சம் விட்டா உன்னையும் ஒரு குதிரையில ஏத்தி நான் துரத்திப் பிடிப்பேன்" என்று கத்தினாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால், மகளே, யார்தான் நிறுத்துவார்கள்?

நகரத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் சொல்வாள்: "எப்படிடா வர்றது? முகாஷ் கை அங்க கெடைக்குமா? ஒரு மாசம் அவன் கை படலைன்னா நான் தரையில கெடப்பேன்." அதைக் கேட்டுக்கொண்டு நான் பொர்சோக்கை வெண்ணெயில் தோய்ப்பேன். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. எத்தனை ஊசி என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் நிறுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் நிம்மதி கொஞ்சம் சீக்கிரமாகத் தீர்ந்தது, கிளை ஒடிகிற சத்தம் கொஞ்சம் உரக்கக் கேட்டது. பிறகு கிளை மாதிரி இல்லாமல் சரளைக்கல்லை அரைக்கிற மாதிரி ஆயிற்று.

கிண்ணம் மட்டும் அந்த ஒருநாளைக்கு அப்புறம் எப்போதும் நிறைந்துதான் வந்தது. அதனால்தான் நானும் தொடர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் ஒருநாள் பாதிக் கிண்ணம் ஊற்றியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.

ஜெல்? நல்ல மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காத விஷயம். என் முழங்காலில் போட்டுக்கொண்டேன். மேடு ஏறி இறங்கி என் கால்களும் தேய்ந்துதான் இருந்தன. எனக்கு நன்றாகக் கேட்டது. ஷைர்பெக் தன் அம்மாவுக்கு அனுப்பிய மருந்தில்தான் உங்கள் மூன்று மாடியையும் ஏறி வந்தேன். அப்போதே சொன்னேன், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று.

வசந்தத்தில் பனி உருகத் தொடங்கிய சமயம், கடைசி ஊசி போட்டு இரண்டொரு நாள் ஆகியிருக்கும், ஜூராகான் தேநீர் ஊற்ற எழவில்லை. கட்டிலில் படுத்திருந்தாள். வலது முழங்கால் தர்பூசணி அளவுக்கு வீங்கி, சிவந்து, மேலே கை வைத்தால் சமோவாரைத் தொட்ட மாதிரி கொதித்தது. உடம்பு நடுங்கியது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் எப்படி இருக்கும் என்று படிக்கிற பையன்களுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உறிஞ்சி எடுத்து, கிருமிக்கு மருந்து ஏற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் ரத்தத்தில் ஏறிவிடும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது எனக்கு.

"காய்ச்சலாடா?" என்று கேட்டாள்.

"சாதாரணக் காய்ச்சல்தான்."

"பொய் சொன்னா உன் காது அசையும், பள்ளிக்கூடத்துலருந்து பாக்கறேன்." சிரிக்கப் பார்த்தாள், பல் கிட்டியது. "உனக்கு டீ ஊத்தலியேன்னு இருக்கு. நீயே ஊத்திக்க. முட்ட முட்ட ஊத்திக்க, நான் ஊத்தற மாதிரி."

நான் அவள் போர்வையை இழுத்து மூடினேன்.

"அன்னிக்கு ஒருநாள் நெறைச்சு ஊத்தினேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? உன் முதுகப் பாத்தே புரிஞ்சுது. கூப்பிட்டுச் சொல்லலாம்னா அதுக்குள்ள மேட்டுல ஏறிட்ட."

"என்ன சொல்லலாம்னு?"

"வேற என்ன? முட்டி வலிடா. நீ குடிக்கற குடிக்குப் பத்துத் தடவ எந்திரிச்சுப் போய் ஊத்திட்டு வரணும். ஒவ்வொரு தடவையும் உசுரு போய் வரும். அதான் ஒரேயடியா நெறைச்சுட்டேன், அப்புறம் கைக்கு அதுவே பழகிடுச்சு. உன்னைப் போன்னு சொல்றதா இருந்தா கிண்ணத்த வச்சா சொல்வேன்? எனக்கென்ன வாயா இல்ல?"

"ஷைர்பெக் கூப்பிட்டானே."

"கூப்பிடுவான். அங்க அஞ்சாவது மாடியில யாருகூட உக்காந்து நான் டீ குடிக்கறது? அன்னிக்கே சொல்லிட்டேன் வரலன்னு. அப்புறம் போன்ல உன் கையச் சாக்கு சொல்றது அவன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"அப்போ ஊசி எதுக்குப் போட்டுக்கிட்ட?"

அவள் கூரையைப் பார்த்தாள். "இத்தன வருஷமா நீயே இறங்கி வர்ற. ஒரு தடவையாவது உன் மேட்டுல ஏறி, உன் வீட்ல உக்காந்து, உன் கையால ஊத்தின டீயக் குடிச்சுப் பாத்துடணும்னு இருந்துச்சு. சர்க்கரையாவது வச்சிருக்கியா வீட்ல?"

வைத்திருக்கிறேன் என்றேன்.

அந்த நிமிடத்தில் எனக்குள் எவ்வளவு நிம்மதி இறங்கியது என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. இலையுதிர் காலத்திலிருந்து நெஞ்சில் சுமந்த கல் அது. அவள் போகவில்லை. போவதாகவே இல்லை. அப்படி இருக்கும்போது நானே அவளை வண்டியில் ஏற்றிக் கணவாயைத் தாண்டி அனுப்புவதா? போனவர்கள் திரும்பியதில்லை என்று சொன்னேன் இல்லையா? அதோடு ஆஸ்பத்திரியில் முதலில் படம் எடுப்பார்கள். எலும்பு இருக்கிற நிலையைப் பார்த்து, யார் போட்டது, என்ன போட்டது என்று கேட்பார்கள். இந்த நேரத்தில் அவளுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் எதற்கு?

மறுநாள் காலை அவளே கேட்டாள், "தொக்தோசுன் வண்டிய எடுக்கச் சொல்லேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று. தொக்தோசுன் பக்கத்து வீட்டுக்காரன், அவன் வண்டி வாசலிலேயே நின்றது.

"கணவாய் மூடிடுச்சு" என்றேன். "ராத்திரி பனிச்சரிவு."

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆடு ஏற்றிய லாரி ஒன்று கணவாய்ப் பக்கமிருந்து போனது. ஆடுகள் கத்தின. அவள் அதைக் கேட்டாள்.

"இது எப்படி வந்துச்சு?"

"அது நேத்தே வந்து இந்தப் பக்கம் நின்ன வண்டி."

அவள் என் காதைப் பார்த்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், ஊசி போடும்போது திருப்புவாளே, அதே மாதிரி.

தொக்தோசுன் வந்து கேட்டபோது சளிக்காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும், உள்ளே வராதே என்றேன். நான்தான் பக்கத்திலேயே இருந்தேன். நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். வாயில் தேநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். என் பையில் கிருமிக்கான மருந்து இருந்தது. அது மட்டும் போதாது, ஆனால் ஆரம்பித்திருக்கலாம். நான் அதை எடுக்கவில்லை. அவள் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு அவளுக்கு இன்னொரு ஊசி குத்த எனக்கு மனசு வரவில்லை. அவள் பிறகு அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் "சர்க்கரை" என்றாள். அதோடு முடிந்தது.

அவள் போன செய்தி கேட்டு ஷைர்பெக் அன்றைக்கே வந்து சேர்ந்தான், கணவாய் வழியாக, ஒரு சின்னக் காரில். சக்கரத்தில் பனியே இல்லை. ஊரே பார்த்தது, ஆனால் ஊருக்கு நான் கணவாயைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லையே. கேட்டது அவள் ஒருத்திதான். உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து, முழங்கால் கறுத்திருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, டாக்டர் பக்கத்திலேயே இருந்தாரே, அவர் கையை மீறியா நடந்திருக்கும் என்று ஒருத்தியை ஒருத்தி சமாதானப்படுத்திக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து அவளுடைய பொருட்களை எல்லோருக்கும் பங்கிட்டபோது, ஷைர்பெக் அவள் தேநீர்க் கிண்ணத்தைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தான். "மாமா, நீங்க இல்லைன்னா அம்மா இவ்ளோ நாள் நடந்திருக்க மாட்டாங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். இந்தக் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். நான் அவனைத் தேற்றினேன். அது என் வேலைதானே.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். புகார் இல்லை, சந்தேகம் இல்லை, மண் மூடி இரண்டு மாதம் ஆயிற்று, எதற்காக இவன் கணவாயைத் தாண்டி வந்து இதையெல்லாம் சொல்கிறான்?

நாலு மணிதான் காரணம். அடக்கத்துக்கு மறுநாள் நாலு மணிக்கு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேட்டுக்குக் கீழே காய்ந்த கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அந்த மேட்டில் மரமே கிடையாது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இன்னும் கிட்ட. பிறகு வாசல்படியில் ஒன்று. கதவைத் திறந்தால் வெயில்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. கிண்ணத்தை எடுத்து வைத்து, பாதிதான் ஊற்றுகிறேன், சர்க்கரையும் போடுகிறேன். அது குறைவதில்லை. ஆறிப்போகிறது, கொட்டிவிட்டு மறுநாள் திரும்ப ஊற்றுகிறேன். நேற்று அந்தச் சத்தம் வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து, எனக்கு எதிரே, மடங்கித் தரையில் உட்காருகிற மாதிரி கேட்டது.

எனக்குப் பயம் என்று எழுதாதீர்கள். அவளிடம் எனக்கென்ன பயம். ஒருநாளாவது நாலு மணிக்கு வேறு எங்கேயாவது இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். நான் அவளுக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை. கொன்றேன் என்ற வார்த்தையை நீங்கள் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் கடிகாரம் நாலு காட்டுகிறதே, சரியாக ஓடுகிறதா, மகளே? அப்படியானால் இன்னொரு கிண்ணம் ஊற்றுங்கள். இந்தத் தடவை பாதி போதும். இன்னொரு கிண்ணத்திலும் பாதி ஊற்றி, சர்க்கரை போட்டு, அந்தக் காலி நாற்காலிப் பக்கம் வையுங்கள்.

கேட்கிறதா? படிக்கட்டில். மூன்று மாடி, லிப்ட் இல்லை, கையில் குச்சியும் இருக்காது. சிகிச்சை பலித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.